‘ப்ளூபேர்ட், ப்ளூபேர்ட்’ ஏற்றிச் சொன்ன கதையா? ஒரு வாசகருக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்; தவறிருந்தால் திருத்துங்கள். அட்டிகா லாக் எழுதிய ‘ப்ளூபேர்ட், ப்ளூபேர்ட்’ நாவலை நூறு பக்கம் வரை படித்துவிட்டு மூடி வைத்துவிட்டீர்கள். இரண்டு பிணங்கள் கிடைத்தும் விசாரணை நகரவில்லை, ஊரில் எல்லாரும் எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், வசவுகள் வயிற்றைப் புரட்டுகின்றன, 2016இல் அமெரிக்காவில் ஓர் ஊர் இப்படியா இருக்கும், கதைக்காக ஏற்றிச் சொல்லியிருக்கிறாரா என்பது உங்கள் முதல் கேள்வி. முழுவதும் படித்த நண்பர் ஒருவர், “கடைசியில் அது சொந்த விவகாரம்தான், இனவெறியெல்லாம் சும்மா” என்று முடிவைப் போட்டு உடைத்துவிட்டார், அப்படியானால் மீதியைப் படிப்பானேன் என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: கொன்றவனுடைய காரணம் தனிப்பட்டது என்று தெரிந்துவிட்டால், அந்த ஊரின் இனவெறி எங்கே போய்விடுகிறது?

கல்லூரியில் 22 ஆண்டுகள் அமெரிக்க இலக்கியம் நடத்தியவன் என்ற முறையிலும், மகள் ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஷுகர் லேண்ட் என்ற ஊரில் குடியிருப்பதால் இந்த நாவல் நடக்கும் 59ஆம் நெடுஞ்சாலையில் பலமுறை போய் வந்தவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். கறுப்பினத்தவர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சின் நுண்ணிய சாயல்கள் எல்லாம் என் காதுக்குப் பிடிபடும் என்று உரிமை கொண்டாடவும் மாட்டேன்.

முதலில் அந்த இரண்டு பிணங்களின் வரிசையைப் பாருங்கள். லார்க் என்ற சிற்றூரின் அருகே ஓடும் அட்டோயாக் என்ற சதுப்பு ஓடையில் மைக்கேல் ரைட் என்பவரின் உடல் மிதக்கிறது. சிகாகோவிலிருந்து வந்த கறுப்பின வழக்கறிஞர். சில நாள் கழித்து, அதே தண்ணீரில், உள்ளூர் வெள்ளைக்காரப் பெண் மிஸ்ஸி டேலின் உடல். அமெரிக்கத் தென்பகுதியின் பழைய கதைகளில் வரிசை வேறு மாதிரி இருக்கும்: முதலில் ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு ஏதோ நேர்ந்துவிட்டதாகப் பேச்சு எழும், பிறகு ஒரு கறுப்பின ஆண் கொல்லப்படுவான். 1955இல் சிகாகோவிலிருந்து மிசிசிப்பியின் மணி என்ற ஊருக்கு உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயது எம்மெட் டில், ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரப் பெண்ணிடம் முறைதவறி நடந்துகொண்டான் என்று சொல்லிக் கொல்லப்பட்டு, டல்லஹாச்சி ஆற்றில் வீசப்பட்டான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசிக் கொலையாளிகள் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே ஒரு பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னார்கள். சிகாகோவிலிருந்து வந்த கறுப்பினத்தவன், தண்ணீரில் கிடந்த உடல் என்றாலே அமெரிக்க வாசகர் மனத்தில் இந்தச் சம்பவம் எழும். லாக் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, ஏன் இப்படி என்று கதைமாந்தர்களையே குழம்பவிடுகிறார். ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முதல் உடல் கிடைத்தபோது ஊரில் எத்தனை அதிகாரிகள் அசைந்தார்கள், இரண்டாவது கிடைத்தபோது எத்தனை பேர் வந்தார்கள்? உங்களுக்கு இழுவையாகத் தெரிந்த அந்த நூறு பக்கம் முழுக்க இந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

இழுவைக்கு இன்னொரு காரணம் நம் வாசிப்புப் பழக்கம். மாத நாவல்களில் துப்பறிபவர் வந்து கதவைத் தட்டினால் ஊரே எழுந்து நின்று பதில் சொல்லும். டெக்சாஸில் அப்படியில்லை. அங்கே 254 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு ஷெரிஃப். நம் ஊர் எஸ்.பி.யைப் போல மேலிடம் நினைத்தால் அவரை மாற்றிவிட முடியாது. அடுத்த தேர்தலில் அவருக்கு வேண்டியது உள்ளூர்க்காரர்களின் வாக்கு, ஓடையில் மிதந்த வெளியூர்க்காரனுக்கோ அங்கே வாக்கில்லை. மாநிலம் முழுமைக்கும் உரிய புலனாய்வுக் காவலர்களான டெக்சாஸ் ரேஞ்சர்கள்கூட, சிற்றூர் வழக்குகளில் பெரும்பாலும் உள்ளூர் ஷெரிஃப் கேட்டுக்கொண்ட பிறகே நுழைவார்கள். நாவலின் நாயகன் டாரன் மேத்யூஸ் கறுப்பின ரேஞ்சர். போதாக்குறைக்குக் கதை தொடங்கும்போது அவன் பணியிடை நீக்கத்தில் இருக்கிறான், எஃப்.பி.ஐ.யில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்கார நண்பன் சொல்லித்தான் லார்க்குக்கு வருகிறான். கேள்வி கேட்கும் உரிமையே சந்தேகத்தில் இருக்கும் ஒருவன் கேள்வி கேட்டால் விசாரணை எப்படி நகரும்? ரேஞ்சரின் அடையாளச் சின்னமான அந்த வெள்ளி நட்சத்திரம் அவன் சட்டைப்பையில் எப்போது இருக்கிறது, எப்போது இல்லை, அதைக் காட்டும்போது எதிரே நிற்பவரின் குரல் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் பக்கங்கள் தாமாக நகரும்.

அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ரேஞ்சர்கள் டெக்சாஸின் பெருமைச் சின்னம். அதே ரேஞ்சர்களில் ஒரு பிரிவினர் 1918 ஜனவரியில் மெக்சிகோ எல்லையோரமுள்ள போர்வெனிர் என்ற ஊரில், மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த 15 ஆண்களையும் சிறுவர்களையும் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றவர்கள். நவீன காலத்தில் முதல் கறுப்பின ரேஞ்சர் நியமிக்கப்பட்டது 1988இல்தான். டாரனை வளர்த்தவர்கள் அவன் தந்தையின் உடன்பிறந்த இரட்டையர்கள்; அவர்களில் ஒருவர் ரேஞ்சர். சட்டம்தான் நம்மைக் காப்பாற்றும் என்பவர். மற்றவர் சட்டப் பேராசிரியர். சட்டத்திடமிருந்துதான் நம்மைக் காப்பாற்ற வேண்டும் என்பவர். இவர்களில் யார் சரி என்று நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை. டாரன் குடிப்பதற்குக்கூட இந்த இருவரின் சண்டைதான் பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

இனி, ஏற்றிச் சொல்லியிருக்கிறாரா என்ற கேள்வி. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். லார்க் என்ற ஊர் கற்பனை. ஷெல்பி கவுண்டி உண்மை, அட்டோயாக் ஓடை உண்மை, தெற்கே மெக்சிகோ எல்லையிலுள்ள லரேடோவில் தொடங்கி ஹூஸ்டன் வழியாக டெக்ஸர்கானா வரை போகும் 59ஆம் நெடுஞ்சாலையும் உண்மை. ஷெல்பிக்குத் தெற்கே ஜாஸ்பர் என்ற சிறுநகரம் இருக்கிறது. 1998 ஜூன் 7ஆம் தேதி அதிகாலை, வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த ஜேம்ஸ் பேர்ட் என்ற 49 வயதுக் கறுப்பினத்தவரை மூன்று வெள்ளைக்காரர்கள் தங்கள் பிக்கப் வண்டியில் ஏற்றிச் சென்று அடித்து, பின்பு கணுக்காலில் சங்கிலி கட்டி, ஏறத்தாழ மூன்று மைல் தார்ச்சாலையில் இழுத்துக் கொன்றார்கள். மூவரில் இருவர் சிறையில் இருந்தபோது ஒரு வெள்ளை இனவெறிக் கும்பலில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு 2011இலும் 2019இலும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, மூன்றாமவனுக்கு ஆயுள் தண்டனை. நாவலில் டாரன் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரேஞ்சராகச் சேர்வதற்கு இந்தக் கொலைதான் காரணம்.

ஆனால் ஜாஸ்பரைப் பற்றி இன்னும் இரண்டு விவரங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மை. அந்தக் கொலை நடந்தபோது ஜாஸ்பரின் மேயர் ஒரு கறுப்பினத்தவர். ஊரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பினத்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களாக, ஒரே ஆலையில் வேலை பார்ப்பவர்களாக வாழ்ந்தவர்கள். அதே ஊரின் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளையர் கல்லறைகளையும் கறுப்பினத்தவர் கல்லறைகளையும் பிரித்து ஓர் இரும்பு வேலி நின்றது. யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை; அது பாட்டுக்கு நின்றது. கொலை நடந்த பிறகு, 1999 ஜனவரியில்தான் அதைப் பிடுங்கினார்கள். மேயர் நாற்காலியில் கறுப்பினத்தவர், கல்லறைக்கு நடுவே வேலி என்று இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் இருந்தன. லார்க்கில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருவர் வீட்டு ரகசியம் மற்றவருக்குத் தெரியும் அளவுக்கு நெருங்கி வாழ்கிறார்களே, பிறகு ஏன் இந்த முறைப்பு என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த வேலிதான்.

மிகை என்று நான் நினைக்கும் இடமும் உண்டு. நாவலில் வரும் ‘ஆரிய சகோதரத்துவம்’ என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் கற்பனையல்ல; 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸ் சிறைகளில் முளைத்து, பின்பு போதைமருந்து வியாபாரத்தில் இறங்கிய கும்பல் அது. ஆனால் சாலையோர மதுக்கடை ஒவ்வொன்றிலும் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்ற எண்ணம் நாவலைப் படிப்பவருக்கு வந்துவிடும். நான் பார்த்த கிழக்கு டெக்சாஸ், பைன் மரங்களும் மர லாரிகளும் மைலுக்கொரு தேவாலயமும் உள்ள, பேசினால் வாஞ்சையாகப் பேசுகிற ஊர்களாகத்தான் இருந்தது. வந்துபோகிற விருந்தாளியின் பார்வை அது. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. ஒரு நாவலை வைத்தோ ஒரு கார்ப் பயணத்தை வைத்தோ அந்த நிலப்பகுதி முழுவதையும் எடைபோட முடியாது.

அப்படி ஒரு பயணத்தில் ஒன்று நடந்தது. மருமகன்தான் வண்டி ஓட்டினார். நாகடோச்சஸ் என்ற ஊரைத் தாண்டி வடக்கே போகும்போது, அதுவரை எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தவர் வேகத்தைக் குறைத்து வலது ஓரத்தைப் பிடித்தார். “மாமா, இந்தக் கவுண்டி தாண்டுற வரைக்கும் போர்டுல போட்டிருக்கறதுக்கு ரெண்டு மைல் கம்மியாத்தான் போவேன்” என்றார். ஏன் என்று கேட்டபோதுதான் டெனஹா கதை வந்தது. டெனஹா ஷெல்பி கவுண்டியில், 59ஆம் சாலையிலேயே இருக்கும் ஒரு சின்ன ஊர். சாலையில் போகும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஆகியோரின் வண்டிகளையே பெரும்பாலும் குறிவைத்து நிறுத்தி, கையிலிருந்த ரொக்கத்தைக் காவலர்கள் பறிமுதல் செய்தார்கள், பணத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாவிட்டால் கள்ளப்பண வழக்குப் போடுவதாகவும் குழந்தைகளைப் பிரித்துவிடுவதாகவும் மிரட்டினார்கள் என்று 2008இல் வழக்குத் தொடரப்பட்டது. 2012இல் அது உடன்பாட்டில் முடிந்தது. இனி வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஒலியும் காட்சியும் பதிவு செய்ய வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு பகுதி. இதில் சங்கிலி இல்லை, துப்பாக்கிச் சூடு இல்லை, முகமூடி இல்லை. ஒரு படிவமும் ஒரு பேனாவும் போதுமாக இருந்தது. லாக்கின் நாவல் வந்தது 2017இல். அவர் ஷெல்பி கவுண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு டெனஹாதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மண்ணில் இனவெறி எந்த உருவில் உலவுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கும்பலைவிட இந்தப் படிவம் எனக்குக் கூடுதலாக உதவியது.

தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஷுகர் லேண்டும் இதே சாலையில்தான் இருக்கிறது என்பதால் ஒரு வார்த்தை. 2018 பிப்ரவரியில் அங்கே பள்ளிக்கூடத்துக்காகத் தோண்டிய இடத்தில் எலும்புகள் கிடைத்தன. முடிவில் 95 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். பதின்ம வயதினரும் அவர்களில் அடக்கம். அடிமை முறை ஒழிந்த பிறகு, கைதிகளைத் தோட்ட முதலாளிகளுக்கு வாடகைக்கு விடும் முறை ஒன்று இருந்தது. அப்படிக் கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்டுச் செத்த கறுப்பினத்தவர்கள் அவர்கள். அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பியதும் நீதிமன்ற ஆணைதான். ஊரின் பெயரிலேயே சர்க்கரை இருக்கிறதே என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

வசவுகளைப் பற்றிக் கேட்டீர்கள். கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லைத் தமிழில் பெயர்த்துப் பார்க்காதீர்கள், பெயர்க்க முடியாது. யார் யாரிடம், எத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். அதைவிட நுட்பமானது விளிச்சொல். ஒருமுறை வகுப்பில் இன்னொரு தென்பகுதிக் கதையை நடத்தும்போது, ஒரு வெள்ளைக்கார இளைஞன் அறுபது வயதுக் கறுப்பினத்தவரை ‘பாய்’ என்று கூப்பிடும் இடத்தை ஒரு மாணவர் ‘தம்பி’ என்று மொழிபெயர்த்தார். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “சார், அது தம்பி இல்ல, ஏலே. எங்க தாத்தாவ பண்ணையார் வீட்டுச் சின்னப் பையன் கூப்பிட்ட ஏலே” என்றார். திருநெல்வேலிப் பக்கம் நண்பர்களுக்குள் ‘ஏலே’ என்பது கொஞ்சல். ஆனால் அவர் சொன்ன ‘ஏலே’ எது என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்தது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போன விஷயம்: 1963இல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண், தன்னை வெறுமனே ‘மேரி’ என்று அழைத்த அரசு வழக்கறிஞருக்கு, ‘மிஸ் ஹாமில்டன்’ என்று அழைக்கும்வரை பதில் சொல்ல முடியாது என்று மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கும் போனார். 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. நீ, நீங்கள், வாங்க, வாடா என்று நாள் முழுக்க அளந்து பேசிப் பழகிய நம் காதுக்கு இந்த நாவலில் ஆங்கில வாசகரைவிடக் கூடுதலாகவே கேட்கும். பென்சிலை வைத்துக்கொண்டு, யார் யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், யாருக்கு ‘மிஸ்டர்’ சேர்க்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.

சாதியோடு ஒப்பிட்டுப் படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அம்பேத்கரே 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி இந்த ஒப்புமையைப் பேசியிருக்கிறார். ஆகவே அது புதிதுமல்ல, தவறுமல்ல. ஒரு இடத்தில் மட்டும் அது வழுக்கும். சிகாகோ, டெட்ராய்ட் போன்ற வடக்கு, மேற்கு நகரங்களுக்கு 1910 முதல் 1970 வரை தெற்கிலிருந்து ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பினத்தவர் குடிபெயர்ந்தார்கள். டாரனின் குடும்பம் போகாமல் தங்கிய குடும்பம். தலைமுறைகளாக நிலம் வைத்திருக்கும் குடும்பம். டெக்சாஸ் எங்களுடையது, எவனோ மிரட்டுகிறான் என்பதற்காக ஓட மாட்டோம் என்ற பிடிவாதம் உள்ள குடும்பம். நெடுஞ்சாலையோரத்தில் உணவகம் நடத்தும் ஜெனீவா ஸ்வீட்டுக்கும் அதே பிடிவாதம். இவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்ற ஒரே சட்டத்துக்குள் மாட்டிவிட்டால் நாவலில் பாதி காணாமல் போகும்.

உங்கள் நண்பர் உடைத்த முடிவுக்கு வருகிறேன். அவர் சொன்னது முழுவதும் பொய்யில்லை. அதற்கு மேல் நான் சொன்னால் மிச்சத்தையும் கெடுத்தவனாவேன். இதை மட்டும் சொல்லலாம். அந்த ஊரில் ஒவ்வொருவரும் தனக்கு வசதியான ஒரு கதையை வைத்திருக்கிறார்கள். ஷெரிஃபுக்கு ஊர்ப் பெயர் கெடாத கதை வேண்டும். எஃப்.பி.ஐ. நண்பனுக்கு மேலிடம் திரும்பிப் பார்க்கும் பெரிய இனவெறி வழக்கு வேண்டும். டாரனுக்கும் ஒரு கதை வேண்டும்: சகோதரத்துவக் கும்பல்தான் செய்தது என்று இருந்தால் அவன் வாழ்க்கைக்கே ஒரு பொருள் கிடைத்துவிடும். நாயகனுடைய அந்த ஆசையையும் லாக் சந்தேகத்துடனே பார்க்கிறார், அதுதான் இந்த நாவலை உயர்த்துகிறது என்பேன். சட்டத்தின் பார்வையில் இனவெறிக் குற்றம் என்றால் குற்றவாளியின் உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். ஜேம்ஸ் பேர்டின் பெயரால் டெக்சாஸ் 2001இலும் மத்திய அரசு 2009இலும் இயற்றிய சட்டங்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. நாவலாசிரியருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காதலும் பொறாமையும் பயமும் எல்லா ஊரிலும் உண்டு. லார்க்கில் யார் யாரை வெளிப்படையாகக் காதலிக்கலாம், எந்தப் பிள்ளை எந்த அப்பாவின் பெயரைச் சொல்லலாம், ஒரு மனிதன் செத்தால் காவலர் எழுதிக்கொண்டுபோன வாக்குமூலத்தை யாராவது திரும்பச் சரிபார்ப்பார்களா என்பதையெல்லாம் நிறம்தான் முடிவு செய்கிறது. ஆகவே ‘சொந்த விவகாரம், இனவெறி இல்லை’ என்று உங்கள் நண்பர் பிரித்த பிரிவு, அந்த ஊருக்குப் பொருந்தாது. கொலை செய்த கைக்கு ஒரு காரணம் இருக்கலாம். கொன்றவன் இத்தனை நாள் நிம்மதியாக நடமாடியதற்குக் காரணம் வேறு.

குறைகள் இல்லாமல் இல்லை. டாரனுக்கும் அவன் மனைவிக்கும் உள்ள பிணக்கு ஒட்டவைத்தது போல இருக்கிறது. கடைசி ஐம்பது பக்கங்களில் முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவிழ்கின்றன. தற்செயல்கள் கொஞ்சம் அதிகம். 2018இல் மர்மக் கதைகளுக்கான எட்கர் விருது பெற்ற நாவல் என்பதற்காக இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

நிறுத்திய இடத்திலிருந்து தொடராதீர்கள். முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். அங்கே ஜெனீவா ஓர் ஆரஞ்சு நிற மின்வடத்தைக் கல்லறைகளுக்கிடையே இழுத்துக்கொண்டு போகிறாள். வடம் யார் யாரைக் கடந்து போகிறது என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைச் சொல்வதுபோல இறந்தவர்களின் பெயர் வருகிறது. முதல் தடவை அதை வருணனை என்று தாண்டியிருப்பீர்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அவள் கணவனும் மகனும் கிடக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று ஊர் சொல்லும் கதையை அந்தப் பக்கத்திலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். 2019இலும் 2024இலும் இதன் தொடர்ச்சியாக இரண்டு நாவல்கள் வந்திருக்கின்றன; முதல் நாவலின் கடைசிப் பக்கத்தில் டாரனின் தாய் கையில் சிக்கும் ஒரு பொருள் அவற்றுக்குள்ளும் தொடர்வதால், அவற்றை வரிசை மாற்றிப் படிக்க வேண்டாம்.